ஓடைப்பட்டித் தொட்டியில் வளர்ந்த கடற்பஞ்சு

கடற்பஞ்சை ஒழிக்க என்ன மருந்து என்று போன மாதம், இப்போது தொட்டி பார்க்கும் தம்பிகளில் இரண்டு பேர் வீடு தேடி வந்து கேட்டீர்கள். நான் மருந்தின் பெயரைச் சொல்லாமல் காபி கொடுத்து அனுப்பிவிட்டேன். இவருக்குச் சொல்ல மனமில்லை என்று நினைத்திருப்பீர்கள். அப்படியில்லை. இதே கேள்விக்கு ஒருமுறை நான் இரண்டே வார்த்தையில் பதில் சொன்னேன். அந்தப் பதிலால் ஒரு தொட்டி பாதி செத்தது. அதனால் இப்போது முழுவதையும் சொல்லிவிடுகிறேன்.

நான் தேனியில் ஆஸ்பத்திரி வரவேற்பறைகளில் தங்கமீன் தொட்டி கழுவித் தொடங்கியவன். வீட்டில் கடல்நீர்த் தொட்டி வைக்கும் ஆசை எங்கள் பக்கம் பிற்பாடுதான் வந்தது. கடலே இல்லாத மாவட்டம். போர்வெல் தண்ணீரை வடிகட்டி, அதில் பாக்கெட் உப்பைக் கரைத்தால் அதுதான் நமக்குக் கடல். கம்பத்திலிருந்து ஆண்டிபட்டி வரை அப்படிப் பதினேழு கடல்களை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். தோள்பட்டை மூட்டு தேய்ந்த பிறகு விட்டுவிட்டேன்.

அந்தப் பதினேழில் ஒன்று ஓடைப்பட்டியில் அமல்ராஜ் வீட்டில் இருந்தது. அமல்ராஜ் விதையில்லாத் திராட்சை போட்டிருந்தார். அவர் மனைவி ஜெயராணி அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்ஸ். கூடத்தில் ஐந்தடி நீளத் தொட்டி. கல்பவளம் வைக்கச் சட்டம் இடம் தராது என்பது உங்களுக்குத் தெரியும். அமல்ராஜ் வைத்திருந்தது மென்பவளம். பொத்தான் அளவில் வட்ட வட்டமாகப் பூக்கும், ஜோவா என்று நாம் சொல்வது. ஐந்து பூக்களோடு வாங்கிய துண்டு, ஒன்பது வருடத்தில் சோற்றுத் தட்டு அகலத்துக்குப் பரவி, பச்சையும் ஆரஞ்சுமாக ஒரு பாறையையே மூடியிருந்தது. தோட்டத்திலிருந்து வந்ததும் சட்டையைக்கூடக் கழற்றாமல் அதன் முன்னால் உட்கார்ந்துவிடுவார். ஜெயராணிக்கு அந்தத் தொட்டியைக் கண்டாலே ஆகாது. "இவுக மீனுக்குக் குடுக்கிற நேரத்துல எனக்கு ஒரு வாய் தண்ணி எடுத்துக் குடுத்திருந்தா நான் எந்த வேலைக்கும் சலிக்க மாட்டேண்ணே" என்று என்னிடமே சொல்லியிருக்கிறார்.

ஒருநாள் அமல்ராஜ் போன் செய்தார். "அண்ணே, பாறையில என்னமோ தோல் மாதிரிப் படருது. பூவுக்கு அடியில போய் நுழையுது. வந்து பாருங்க."

போய்ப் பார்த்தேன். வெளிறிய மஞ்சள் நிறத்தில், பழைய சுவரில் பெயின்ட் வழிந்தது போலப் பாறையின் பின்பக்கத்திலிருந்து ஏறி வந்திருந்தது. அங்கங்கே ஊசி நுனி அளவில் துளைகள். கடற்பஞ்சு. கடல்நீர்த் தொட்டி எதிலும் ஒரு மூலையில் கொஞ்சம் இருக்கும். தண்ணீரைச் சலித்துச் சுத்தம் செய்யும் சாதுவான உயிர்தான் அது. ஆனால் இது சாதுவாக இல்லை. பூக்களின் தண்டைச் சுற்றி மேலே ஏறி, நாலைந்து பூக்களை வாய் திறக்க முடியாமல் மூடிவிட்டிருந்தது.

நான் என்ன செய்தேன் தெரியுமா? பல் துலக்கும் பிரஷை எடுத்து, தொட்டிக்குள்ளேயே கையை விட்டு, பரபரவென்று தேய்த்தேன். அரைமணி நேரத்தில் பாறை பளிச்சென்று ஆனது. அமல்ராஜுக்குச் சந்தோஷம். எனக்கும்.

மூன்று வாரத்தில் அது இல்லாத இடமே இல்லை. தேய்த்தபோது பறந்த தூளில் ஒவ்வொரு துணுக்கும் ஒரு பஞ்சாக முளைத்திருந்தது. வெட்டினால் சாகாத உயிரை நான் வெட்டி விதைத்துவிட்டுப் போயிருக்கிறேன்.

அடுத்து நான் செய்தது இன்னும் மோசம். பஞ்சு இப்படி வளர்ந்தால் தண்ணீரில் தீனி அதிகம் என்றுதான் அர்த்தம் என்று படித்திருந்தேன். அமல்ராஜிடம் கேட்டேன். ஒரு நாளைக்கு ஒரு சிட்டிகைக்கு மேல் போடுவதில்லை என்றார். நான் வாயால் எதுவும் சொல்லவில்லை, ஆனால் நம்பாத மாதிரிப் பார்த்தேன். அவர் முகம் சுருங்கியது. "சரிண்ணே, பாதியாக் குறைச்சிடுறேன்" என்றார்.

இரண்டு மாதம் பாதிதான் போட்டார். மீன்கள் இளைத்தன. பூக்கள் சிறுத்தன. பஞ்சு மட்டும் கொழுத்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்த கையோடு அமல்ராஜ் என்னைக் கூப்பிட்டார். "அண்ணே, கொடியில பூஞ்சாணம் வந்தா மயில்துத்தத்தையும் சுண்ணாம்பையும் கலந்து அடிப்போம். ஒரே நாள்ல காஞ்சிரும். இதுக்குக் கொஞ்சம் துத்தம் போட்டா என்னா?"

நான் அப்போது போடியில் ஒரு வீட்டில் முழங்கை வரை தண்ணீருக்குள் இருந்தேன். தோளில் போனை இடுக்கிக்கொண்டு, "துத்தம் வேண்டாம்" என்று சொல்லி வைத்துவிட்டேன். அந்த இரண்டு வார்த்தைதான். துத்தத்தில் செம்பு இருக்கிறது, செம்பு பட்டால் பூவும் இறாலும் சேர்ந்து சாகும், அதனால் வேண்டாம் என்று சொல்ல இன்னும் அரை நிமிடம் போதும். நான் சொல்லவில்லை.

அதற்கு அடுத்த புதன்கிழமை காலை ஏழரை மணிக்கு ஜெயராணி கூப்பிட்டார். அதுவரை அவர் எனக்குப் போன் செய்ததே இல்லை.

"அண்ணே, தண்ணி பால் மாதிரிக் கெடக்கு. மீனெல்லாம் மேல வந்து வாயைப் பொளக்குது. இவுக பேசாம நிக்கிறாக. உடனே வாறீகளா?"

காற்று மோட்டார் எத்தனை இருக்கிறதோ அத்தனையையும் ஓட விடுங்கள், வேறு எதையும் தொடாதீர்கள் என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தேன். சின்னமனூர் தாண்டும்வரை, என்ன போட்டிருப்பார், என்ன போட்டிருப்பார் என்றே மனம் ஓடியது.

கூடத்துக்குள் நுழைந்ததும் அமல்ராஜைப் பார்த்தேன். தொட்டிக்குப் பக்கத்தில் வாளியோடு நின்றார். கண் சிவந்திருந்தது.

"என்னய்யா போட்ட?"

"நீங்க துத்தம்தான வேண்டாம்னீக. சுண்ணாம்பு வேண்டாம்னு சொல்லலையேண்ணே."

முந்தின நாள் சாயங்காலம் மோட்டாரை நிறுத்திவிட்டு, சுண்ணாம்பைக் குழம்பாகக் கரைத்து, ஊசி போடும் சிரிஞ்சில் எடுத்து, தொட்டியில் பஞ்சு இருந்த இடம் முழுக்கப் பூசியிருக்கிறார். ஒரே தடவையில். சுண்ணாம்பு வேலை செய்துவிட்டது. அதுதான் பிரச்சினை. தொட்டியில் இருந்த பஞ்சில் பெரும்பகுதி ஒரே இரவில் செத்து அழுகத் தொடங்கியிருந்தது. சுண்ணாம்பால் தண்ணீரின் காரத்தன்மை ஏற, அழுகலில் வரும் அம்மோனியாவின் விஷமும் கூடும். ஒன்றுக்கு ஒன்று துணை.

"இந்தா பீப்பாய்ல நல்ல உப்புத் தண்ணி இருக்குண்ணே. ஊத்திரவா?" என்று அமல்ராஜ் வாளியைத் தூக்கினார்.

தம்பிகளே, இந்த இடத்தைக் கவனியுங்கள். கரைத்து வைத்திருந்த நல்ல தண்ணீர் ஒரே ஒரு பீப்பாய். தொட்டியின் கொள்ளளவில் ஐந்தில் ஒரு பங்கு. புதிதாக வடிகட்டிக் கரைக்க ஒரு நாள் ஆகும். எதிரே மீன்கள் வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன. வீட்டுக்காரர் வாளியோடு நிற்கிறார். அப்போது கை தானாக எதையாவது செய்யத் துடிக்கும். நான் இரண்டு கையையும் பேன்ட் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டேன். ஒரு நிமிடம் பார்ப்பது என்று முடிவு செய்தேன். அது நீண்ட நிமிடம்.

பார்த்ததில் ஒன்று புரிந்தது. விஷம் எங்கிருந்து வருகிறதோ அது தொட்டிக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. அதை எடுக்காமல் பீப்பாயை ஊற்றினால், அரைமணி நேரத்தில் அந்தத் தண்ணீரும் விஷம். பிறகு கையில் ஒன்றும் இருக்காது. நல்ல தண்ணீரைத் தொட்டிக்குக் கொண்டுபோகக் கூடாது. காப்பாற்ற முடிந்ததை நல்ல தண்ணீருக்குக் கொண்டுவர வேண்டும்.

"ஊத்தாதய்யா. வலையை எடு."

மேலே வந்து தவித்துக்கொண்டிருந்த இரண்டு கோமாளி மீன்களையும் வலையில் அள்ளி நேராகப் பீப்பாய்க்குள் விட்டோம். நீல மீன் ஒன்று இருந்தது, அதைக் காணவில்லை. தேடவும் இல்லை. அடுத்து அந்தப் பூப்பாறை. அதைத் தண்ணீரிலிருந்து வெளியே எடுத்தேன்.

அமல்ராஜ் பதறினார். "அய்யோ, செத்துருமேண்ணே!"

சாகாது. கடல் வற்றும்போது கரைப்பாறையில் ஒட்டிக்கொண்டு அடுத்த ஏற்றம் வரை காத்திருக்கும் உயிர்களின் சொந்தக்காரன் அது. வாயை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் தாங்கும். பஞ்சு தாங்காது. அதன் துளைக்குள் காற்று புகுந்தால் அவ்வளவுதான். காற்றில் வைத்துக் கிள்ளி எடுத்தால் துணுக்கு பறந்து வேறு இடத்தில் முளைக்கும் பயமும் இல்லை. பிரஷை எடுத்த அன்றே நான் இதைச் செய்திருக்க வேண்டும்.

ஆனால் தண்டுக்கும் தண்டுக்கும் நடுவில் அரிசி நுழையாத இடைவெளி. எனக்கு அப்போதே தோள் நடுக்கம் ஆரம்பித்திருந்தது. அமல்ராஜின் கை அதைவிட மோசமாக நடுங்கியது.

ஜெயராணி டியூட்டிக்குக் கிளம்பி, சேலை கட்டி நின்றவர், கைப்பையைக் கீழே வைத்தார். "நகருங்க ரெண்டு பேரும்" என்றார். உள்ளே போய் எவர்சில்வர் தட்டும் ஃபோர்செப்ஸ் இடுக்கியும் கொண்டுவந்தார். அந்தப் பூவில் கொடிய விஷம் உண்டு, கண்ணில் தெறிக்கக் கூடாது, கையில் காயம் இருந்தால் தொடக் கூடாது என்று சொன்னேன். ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன். அவர் கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொண்டு, "கை நடுங்காத வேலைதான் நான் பாக்குறது" என்று குனிந்தார்.

இருபது நிமிடம் அந்தப் பெண் நிமிரவில்லை. தட்டில் மஞ்சள் துண்டுகள் சேர்ந்துகொண்டே இருந்தன. இடையிடையே பீப்பாய்த் தண்ணீரைக் குவளையில் மொண்டு பூக்களின்மேல் அமல்ராஜ் விட்டார். நான் குழாய் வைத்துத் தொட்டியிலிருந்த சுண்ணாம்பையும் செத்த பஞ்சையும் உறிஞ்சி வெளியே விட்டுக்கொண்டிருந்தேன்.

பாறையைப் பீப்பாய்க்குள் இறக்கிய பிறகு ஜெயராணி கையுறைக்கு மேலே முன்கையைச் சொறிந்தார். பூ விஷமோ என்று ஓடிப் பார்த்தேன். விஷமில்லை. பொடிப் பொடியாகச் சிவப்புப் புள்ளிகள். கழுவச் சொன்னேன்.

"இது வேற மாதிரி அரிப்புண்ணே" என்று அவர் கையை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். "மாடியில ஃபைபர் ஷீட்டுப் போட்டப்ப தொட்டுட்டு இப்படித்தான் அரிச்சுச்சு. கண்ணாடித் தூள் குத்துன மாதிரி. பஞ்சுங்கிறீக, பஞ்சுக்குள்ள கண்ணாடி எப்படி வரும்?"

இத்தனை வருடம் பஞ்சைக் கிள்ளி எறிந்திருக்கிறேன். ஒருநாளும் அந்தக் கேள்வி எனக்கு வந்ததில்லை. அவர் சளிப் பரிசோதனைக்குக் கொடுக்கும் டப்பா ஒன்றில் ஒரு துண்டைப் போட்டு மூடி என் கையில் கொடுத்தார். "யாருகிட்டயாவது காட்டுங்க" என்று சொல்லிவிட்டு, ஒரு மணி நேரம் தாமதமாக வேலைக்குப் போனார்.

எனக்குத் தெரிந்த ஆள் சின்னமனூரில் வாசுகி டீச்சர். மேல்நிலைப் பள்ளியில் விலங்கியல் எடுப்பவர். அவர் வீட்டிலும் சின்னதாக ஒரு கடல்நீர்த் தொட்டி உண்டு. அதில் இருந்த ஜோவாவே அமல்ராஜ் கொடுத்த துண்டிலிருந்து வளர்ந்ததுதான். அன்று மதியமே பள்ளிக்கூட ஆய்வகத்துக்குப் போனேன். டீச்சர் துண்டில் கொஞ்சத்தைக் கிள்ளிக் கண்ணாடித் தகட்டில் வைத்து, பாத்ரூம் கழுவும் பிளீச்சிங் திரவத்தில் ஒரு சொட்டு விட்டார். சதை கரைந்து போனது. மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்தவர் கொஞ்ச நேரம் எடுக்கவே இல்லை.

"நீங்களே பாருங்க."

பார்த்தேன். ஊசிகள். நூற்றுக்கணக்கில், ஒன்றன்மேல் ஒன்றாக, ஒளி ஊடுருவும் ஊசிகள். சிலவற்றின் தலையில் குண்டூசி போலச் சிறு உருண்டை.

"கண்ணாடியேதான். பஞ்சோட எலும்பு இது. பசங்களுக்கு வருஷா வருஷம் படம் போட்டுக் காட்டுறேன், நேர்ல இன்னைக்குத்தான் பாக்குறேன்" என்றார். குரலில் அப்படி ஒரு மகிழ்ச்சி. பிறகு சட்டென்று, "எங்க வீட்டுலயும் இதே பஞ்சு இருக்கே! அவரு குடுத்த துண்டோடயே வந்துச்சு. ஆனா ரெண்டு வருஷமா கட்டைவிரல் நகம் அளவுதான். ஏன் பெருசாகல?"

ஒரே பஞ்சு, ஒரே பூ, ஒரே உப்புப் பாக்கெட். ஓடைப்பட்டியில் பாறையை விழுங்கியது, சின்னமனூரில் நகம் அளவில் நிற்கிறது. இருவரும் அந்த மேஜையிலேயே பட்டியல் போட்டோம். தீனி? டீச்சர்தான் அதிகம் போடுகிறார். வெளிச்சம் ஏறக்குறைய ஒன்று. கடைசியில் தண்ணீருக்கு வந்தோம். டீச்சர் வீட்டில் ஆற்றிலிருந்து வரும் குழாய்த் தண்ணீர். அமல்ராஜ் வீட்டில் பாறையைத் துளைத்து எடுத்த போர் தண்ணீர். இரண்டும் ஒரே மாதிரி வடிகட்டியில்தான் போகிறது; கடைசிக் குடுவையில் மிச்ச உப்பைப் பிடிக்கும் ரெசின் மணிகள்.

"வடிகட்டியில கடைசியா இருக்கிற ரெசினை எப்ப மாத்துறீங்க டீச்சர்?"

"காலாண்டு, அரையாண்டு, முழு ஆண்டுப் பரீட்சை முடிஞ்சதும்."

"மீட்டர் பாத்துதானே மாத்தணும்?"

"அதெல்லாம் யாரு பாத்தா? பரீட்சைன்னா ஞாபகம் இருக்கும்."

அமல்ராஜ் வீட்டு ரெசினை மாற்றி ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. மாற்ற வேண்டாம் என்று சொன்னது நான். ஒவ்வொரு முறையும் வடிகட்டிய தண்ணீரில் மீட்டரை முக்குவேன், உப்பு பூஜ்யம் என்று காட்டும், இன்னும் நல்லா இருக்கு என்பேன்.

கண்ணாடி எதனால் ஆனதோ அந்தச் சிலிக்கா தண்ணீரில் கரைந்திருக்கிறதா என்று பார்க்கும் பரிசோதனைப் பெட்டியைக் கூரியரில் வரவழைத்தேன். மூன்று சின்னக் குப்பிகள். அமல்ராஜ் வீட்டு போர் தண்ணீர் கருநீலமாக மாறியது. டீச்சர் வீட்டு வடிகட்டிய தண்ணீர் நிறம் மாறவே இல்லை. அமல்ராஜ் வீட்டில் வடிகட்டிய தண்ணீர், பூஜ்யம் காட்டிய அதே தண்ணீர், நல்ல நீலம். மீட்டருக்கு மின்சாரத்தைக் கடத்தும் உப்பு மட்டும்தான் கண்ணுக்குத் தெரியும். கல்லிலிருந்து கரைந்து வந்த சிலிக்காவை அது பார்க்காது. ரெசின் தளரும்போது முதலில் நழுவ விடுவதும் அதைத்தான். மீட்டர் பொய் சொல்லவில்லை. நான் கேட்காத கேள்விக்கு அது பதில் சொல்லும் என்று நினைத்தது என் தப்பு.

அது மட்டும்தான் காரணம் என்று சத்தியம் செய்ய மாட்டேன். பஞ்சு வளரத் தீனியும் வேண்டும், வேறு காரணமும் இருக்கலாம். ஆனால் எலும்பு கட்டக் கல்லை வாரம் தவறாமல் ஊற்றிக் கொடுத்தது நான்தான்.

இதை அமல்ராஜிடம் சொல்ல வேண்டும். போனில் சொல்லலாமா என்று ஒரு நாள் முழுக்க யோசித்தேன். மறுநாள் நேரில் போனேன். அவர் பந்தலுக்கு அடியில் குலை பார்த்துக்கொண்டிருந்தார். குப்பிகளைக் காட்டி, ரெசின், மீட்டர், நான் சொன்னது, சொல்லாதது எல்லாவற்றையும் சொன்னேன். அதற்குள் கணக்கு தெரிந்துவிட்டிருந்தது: நீல மீன் செத்துப் பாறை இடுக்கில் கிடந்தது, இறால் போனது, பூக்களில் பாதி கரைந்துவிட்டது.

அவர் கேட்டுக்கொண்டே ஒரு குலையிலிருந்து பழுதான பழங்களைக் கத்தரித்துப் போட்டார். கடைசியில் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"அப்ப ரெண்டு மாசம் என் மீனைச் சும்மாவே பட்டினி போட்டோமாண்ணே?"

"ஆமாய்யா."

"நான் திருட்டுத்தனமா தீனி போடுறேன்னு நெனச்சீகள்ல?"

"நெனச்சேன்."

"ம்" என்றார். இன்னும் இரண்டு பழம் விழுந்தது. "சுண்ணாம்பு போட்டது நான். அதுக்கு நான் யாருகிட்டப் போயிச் சொல்ல?" பிறகு கத்தரியை இடுப்பில் செருகிக்கொண்டு, "வாங்க, புது ரெசின் மாட்டுவோம்" என்று முன்னால் நடந்தார்.

அதன் பிறகு நான் எந்த வீட்டிலும் காரணம் சொல்லாமல் "வேண்டாம்" என்றதில்லை. நீங்களும் சொல்லாதீர்கள். அந்த வீட்டில் என்ன கைக்குக் கிடைக்கும் என்பது உங்களுக்குத் தெரியாது. ஓடைப்பட்டியில் கிடைத்தது சுண்ணாம்பு.

தொட்டி தேற ஏழெட்டு மாதம் ஆயிற்று. மீண்டும் முளைத்த பஞ்சை, பாறையை வெளியே எடுத்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கிள்ளினோம். ஒரு தடவைக்கு ஒரு பாறைதான். மெல்ல மெல்ல அது முளைப்பது குறைந்தது. பூக்கள் ஓரத்திலிருந்து திரும்பப் படர்ந்தன.

நான் வேலையை விடுவதற்கு முந்தைய மாதம் கடைசி முறையாக அங்கே போனேன். தொட்டியின் இடது மூலையில், பாறைக்கு அடியில், புளியங்கொட்டை அளவில் மஞ்சள் பஞ்சு ஒன்று இருந்தது. ஃபோர்செப்ஸை எடுத்தேன்.

"அதைத் தொடாதீக!" என்றார் ஜெயராணி, அடுப்படியிலிருந்து. "அது இருக்கட்டும்னு நான்தான் இவுககிட்டச் சொன்னேன்."

"அது என்னாத்துக்குத் தங்கச்சி?"

"இங்கன உக்காருங்க, காட்டுறேன்."

மீன் தீனியை உப்புத் தண்ணீரில் கரைத்து, கேசரிக்குப் போடும் சாயத்தில் துளி கலந்து, மருந்து விடும் சொட்டுக்குழாயில் எடுத்து வந்தார். கையை மெதுவாக இறக்கி, பஞ்சின் பக்கவாட்டில் ஒரு சொட்டு விட்டார். சிவப்பு மேகம் ஒரு கணம் நின்றது. பிறகு பஞ்சை நோக்கி இழுபட்டு, அதன் உடலுக்குள் போய்க் காணாமல் போனது. நாங்கள் மூன்று பேரும் கண்ணாடியில் மூக்கு படும்படி குனிந்திருந்தோம். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. அப்புறம் உச்சியில் இருந்த ஒரே துளையிலிருந்து, ஊதுபத்திப் புகை மாதிரி, மெல்லிய சிவப்புக் கோடு ஒன்று நேராக மேலே எழுந்தது.

அமல்ராஜ் வாயைத் திறந்தபடி அதையே பார்த்துக்கொண்டிருந்தார். "இத்தனை நாளும் இது இப்படி மூச்சு விட்டுக்கிட்டா இருந்துச்சு?"

"இன்னொரு சொட்டு விடு தங்கச்சி" என்றேன் நான்.